உள்ளங்கை திரும்புகிறதா?

தோட்டத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு வந்தால், சுற்றி நிற்பவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். கையை மடக்க முடியுதா? தூக்க முடியுதா? இரண்டுக்கும் அவர் தலையாட்டிவிட்டால் சுளுக்கு என்று தீர்ப்பாகிவிடும். யாராவது எண்ணெய் எடுத்து வந்து உருவிவிடத் தொடங்குவார்கள். மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்பவர் அரிது. உள்ளங்கை திரும்புகிறதா?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுக்கான 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்கள் நாங்கள். தோட்டத்து மக்களுக்கு என்றும் டிரெசர்தான். ரந்தாவ், லிங்கி பக்கத்துப் பழைய ரப்பர் காடுகளிலும் பிறகு பகாவ் வட்டாரத்துச் செம்பனைக் காடுகளிலும் என் காலம் கழிந்தது. காய்ச்சல், பேதி, பூரான் கடி, பிரசவம் என்று எல்லாவற்றுக்கும் எங்கள் கதவைத்தான் தட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தும் தடுப்பும் வந்து நிலைமை மாறிவிட்டது. கை முறிவை நாம் பார்க்கும் பார்வை மட்டும் மாறவில்லை. கையை நம்பிப் பிழைத்த ஒரு சமூகம், அந்தக் கையின் முக்கியமான அசைவு ஒன்றைத் தெரியாமலே இழந்துகொண்டிருக்கிறது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஏற்படும் முறிவைச் சில்லறைக் காயமாக நடத்துவதை நாம் நிறுத்த வேண்டும் என்பதே நான் இங்கே வாதிட வருவது.

ஏன் என்று விளங்க, கைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தோளிலிருந்து முழங்கை வரை ஒரே எலும்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், தமிழில் ஆரை எலும்பு. மேசையில் முழங்கையை ஊன்றும்போது அழுத்துகிறதே, அந்த முனை அல்னாவின் மேல்முனை. அங்கிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தால் மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்துக் குமிழ் வரை அல்னாவைத் தோலுக்கடியில் தொட்டுப் பார்க்கலாம். அது மேலே தடித்துக் கீழே மெலியும். ரேடியஸ் அதற்கு நேர்மாறு; முழங்கையருகே சிறிய வட்டத் தலையாகத் தொடங்கி, மணிக்கட்டில் அகன்று முடியும். கை மடங்கி நீளுவது பெரும்பாலும் அல்னாவின் பொறுப்பு. உள்ளங்கையைத் தாங்குவது ரேடியஸின் பொறுப்பு. கையூன்றி எழும்போது மணிக்கட்டின் வழியே ஏறும் பாரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை ரேடியஸே வாங்கிக்கொள்கிறது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே உறுதியான சவ்வு ஒன்று நெடுக ஓடுகிறது. அதன் சாய்ந்த நார்கள் அந்தப் பாரத்தில் ஒரு பங்கை அல்னாவுக்குக் கடத்துகின்றன.

இப்போது முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, உள்ளங்கையை மேலே காட்டுங்கள். இரண்டு எலும்புகளும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. அப்படியே உள்ளங்கையைக் கவிழ்த்துங்கள். அல்னா ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, ரேடியஸ் அதன்மேல் குறுக்கே கடந்து வந்துவிட்டது. பால் வாளியின் பிடியை நினைத்துக்கொள்ளுங்கள். பிடி வளைந்திருப்பதால்தான் வாளியின் விளிம்பில் இடிக்காமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் விழுகிறது. ரேடியஸும் அப்படியே இயற்கையிலேயே சற்று வெளிப்பக்கமாக வளைந்த எலும்பு. அந்த வளைவு நசுங்கினாலோ திசை மாறிக் கூடினாலோ கை மடங்கும், தூக்கும், சுமக்கும், திரும்பாது.

திரும்புவதற்கு இரண்டு மூட்டுகள் ஒத்துழைக்க வேண்டும். முழங்கையருகே ரேடியஸின் வட்டத் தலையை ஒரு நார் வளையம் பிடித்திருக்கிறது. மணிக்கட்டருகே ரேடியஸ் அல்னாவைச் சுற்றி வரும் இன்னொரு மூட்டு இருக்கிறது. இரண்டு எலும்பும் இரண்டு மூட்டும் நடுச் சவ்வும் சேர்ந்து ஒரே மூட்டாக வேலை செய்கின்றன. பெரியவர்களுக்கு முன்கை எலும்பு முறிந்தால் எலும்பியல் மருத்துவர்கள் அதை மூட்டு முறிவுக்குச் சமமாக எண்ணி, துல்லியமாகப் பொருத்தப் பாடுபடுவது இதனால்தான். தொடை எலும்பு கொஞ்சம் குட்டையாகக் கூடினாலும் மனிதர் நடந்துவிடுவார். முன்கையில் அந்தச் சலுகை இல்லை.

இந்தத் திருப்பம் நம் மக்களுக்கு என்னவாக இருந்தது? என் தாயார் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், மரவரிசையான நெரையில் இறங்கினால் ஒரு நாளைக்கு 400 முதல் 600 மரங்கள். உளியைத் தன் பக்கம் இழுத்துச் சீவிக்கொண்டே மரத்தைச் சுற்றி நகர வேண்டும். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்கும். சீவுகிற பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கொஞ்சம் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். மண்டோர் வந்து சத்தம் போடுவார். கொஞ்சம் குறைந்தால் பால் இறங்காது. அந்த ஒன்றரை மில்லிமீட்டரைக் காப்பது தோளின் பலம் அன்று, முன்கையின் திருப்பம். பிறகு பால் எடுக்கும் வேளை. பால் வடிந்து நிற்கும் கிண்ணத்தை, ஒவ்வொரு மங்காகக் கையில் எடுத்து, வாளியில் கவிழ்த்து, வழித்துவிட்டு, நிமிர்த்தி மாட்ட வேண்டும். 500 மரம் என்றால் 500 முறை உள்ளங்கை கவிழ்ந்து 500 முறை மல்லாக்க வேண்டும். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடு மலேசியா. அந்த ரப்பர் முழுவதும் இந்த இரண்டு எலும்புகள் ஒன்றையொன்று கடந்து வந்த வழியில் வந்தது.

செம்பனைக்கு மாறிய பிறகும் வேலை கையை விட்டுப் போகவில்லை. உயர்ந்த மரங்களில் நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, அண்ணாந்து பார்த்தபடி மட்டையையும் குலையையும் இழுத்து அறுக்கிறார்கள். குலை ஒன்று 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். அதை லாரியில் ஏற்றவும் உதிரிப்பழம் பொறுக்கவும் கைகள் வேண்டும். அறுத்த மட்டை எதிர்பாராத பக்கம் சரிந்தால், தலையைக் காக்க மனிதர் முன்கையை உயர்த்துகிறார். அடி நேராக அல்னாவில் விழுகிறது. ரேடியஸ் முறியாமல் அல்னா மட்டும் முறிவது பெரும்பாலும் இத்தகைய நேரடி அடியால்தான். ஒன்று முறியாமல் இருப்பதால் கை நேராகவே தெரியும். வலியைப் பொறுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுவார். வீக்கம் இறங்கவில்லையே என்று ஒரு வாரம் கழித்துத்தான் வருவார்.

வேலை மட்டுமா? சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகவும், இரு கையாலும் தண்ணீர் ஏந்தி முகம் கழுவவும், கோயிலில் திருநீறு வாங்கவும், கால் கழுவவும் உள்ளங்கை மல்லாக்க வேண்டும். மாவு பிசையவும், எழுதவும், கணினியில் தட்டவும், மோட்டார் சைக்கிள் பிடியைப் பிடிக்கவும் அது கவிழ வேண்டும். கவிழ்க்க முடியாதவர் தோளை அகட்டி முழங்கையை உயர்த்தி ஓரளவு சமாளித்துவிடுவார். மல்லாக்க முடியாதவருக்குத் தோள் அவ்வளவு உதவாது.

அமெரிக்காவில் மோரி என்ற எலும்பியல் மருத்துவரும் சகாக்களும் 1981இல் அளந்து வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. நல்ல கை ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 80 பாகை திரும்பும். மல்லாக்க 50, கவிழ்க்க 50 பாகை இருந்தால் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம் என்றார்கள். அவர்கள் பார்த்தவை கதவு திறப்பது, தொலைபேசி எடுப்பது, குடிப்பது, உண்பது போன்ற வேலைகள். மங்கு கவிழ்ப்பதும் உளி இழுப்பதும் அந்தக் கணக்கில் இல்லை. நம் மக்களின் தேவை அந்தச் சராசரியைவிடக் கூடுதல் என்பது என் அனுபவம்.

இனி முறிவுக்கு வருவோம். ஈரத்தரையில் வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுபவருக்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் முறிந்து பின்பக்கம் சாய்வது மிகச் சாதாரணம். டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் அதை 1814இல் விவரித்தார். எக்ஸ்ரே வர அப்போது இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன. கையால் தொட்டே கண்டுபிடித்தார். அதே 1814இல் மிலான் நகரத்து மொந்தெஜ்ஜியா இன்னொன்றைக் கண்டார். அல்னா முறிந்திருக்கும், அதோடு முழங்கையில் ரேடியஸின் தலை நார் வளையத்திலிருந்து நழுவி வெளியே வந்திருக்கும். 1934இல் அதே ஊரின் கலியாட்சி இதன் மறுபக்கத்தை விளக்கினார். ரேடியஸ் முறிந்திருக்கும், மணிக்கட்டில் அல்னாவோடு சேரும் மூட்டு பிசகியிருக்கும். இந்த மூன்று பெயர்களையும் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்தோம். அவற்றிலிருந்து சாதாரண மனிதர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். முன்கையில் ஒரு எலும்பு முறிந்தால் மற்றதையும், இரண்டு முனை மூட்டுகளையும் பார்த்தாக வேண்டும். எக்ஸ்ரே படத்தில் முழங்கையும் மணிக்கட்டும் இரண்டும் தெரிய வேண்டும். வலிக்கிற இடத்தை மட்டும் எடுத்த படத்தில் நழுவிய மூட்டு தெரியாமல் போய்விடும்.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிய ஓர் அக்காவை மறக்க முடியவில்லை. மழை விட்ட காலையில் மேட்டிலிருந்து இறங்கும்போது வாளியோடு விழுந்தார். கை மடங்கியது, தூக்க முடிந்தது. வீட்டார் உருவிவிட்டார்கள், மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். என்னிடம் வந்தபோது மாதக்கணக்காகிவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே மேடு தட்டியிருந்தது. "வலி இல்லைங்கய்யா. ஆனா மங்கு கவுக்க வரல. பாலெல்லாம் கீழ போவுது" என்றார். பாலுக்குக் கிலோ கணக்கில் கூலி. தரையில் சிந்திய பாலுக்கு யார் கொடுப்பார்? கொஞ்ச நாளில் புல் வெட்டும் வேலைக்கு மாற்றப்பட்டு, பிறகு வேலையை விட்டார். 'கை நல்லாத்தானே இருக்கு, வேலை செய்ய மனசில்ல' என்று லயத்தில் பேசினார்கள். கை நன்றாக இல்லை. பார்ப்பவருக்கு மட்டும் நன்றாக இருந்தது.

உருவிவிட்டால் ஏன் சரியாகாது என்பதற்கு எலும்பைச் சுற்றியுள்ள தசையே பதில் சொல்லும். மேற்கையின் முன்தசை, ஆண்கள் மடக்கிக் காட்டும் அந்தத் தசை, கீழே ரேடியஸின் மேல்பகுதியில் வந்து ஒட்டுகிறது. கையை மடக்குவதோடு, உள்ளங்கையை மல்லாக்கும் தசைகளில் வலிமையானதும் அதுவே. கவிழ்க்கும் தசைகள் ரேடியஸின் நடுவிலும் கீழ்முனையிலும் ஒட்டியிருக்கின்றன. ரேடியஸ் மேல்பகுதியில் முறிந்தால், மேல் துண்டை ஒரு தசை மல்லாக்கத் திருப்புகிறது; கீழ்த் துண்டை மற்றத் தசைகள் கவிழ்த்துத் திருப்புகின்றன. இரண்டு துண்டும் வெவ்வேறு திசையைப் பார்த்து நிற்கும். வெளியே தோல் ஒன்றும் காட்டாது. எவ்வளவு தேர்ந்த விரலும் இந்த முறுக்கை எண்ணெயின் வழியே அளந்து சரிசெய்ய முடியாது. பெரியவர்களுக்கு இரண்டு எலும்பும் முறிந்தால் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவது இதனால்தான். 'இரும்பு வேண்டாம், மாவுக்கட்டு போதும்' என்று கெஞ்சுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மாவுக்கட்டுக்குள்ளும் தசை இழுத்துக்கொண்டேதான் இருக்கும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இன்னும் கொடியது இறுக்கமான கட்டு. முறிந்த கை முதல் இரண்டு மூன்று நாளில் வீங்கும். முன்கைத் தசைகள் விரியாத உறைகளுக்குள் அடைபட்டவை. வெளியே சிம்பும் கயிறும் இறுக்க, உள்ளே வீக்கம் அழுத்த, இரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆறு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் தசை மீளாமல் சாகத் தொடங்கும். பிறகு அது நாராகிச் சுருங்கி, விரல்களை உள்ளே இழுத்து மடக்கிவிடும். ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881இல் இதை விவரித்தபோதே, இறுகக் கட்டிய கட்டுகளைத்தான் காரணமாகக் காட்டினார். முழங்கைக்கு மேலே முறிந்த குழந்தைகளுக்கு இது குறிப்பாக ஆபத்து. கட்டிய பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே குழந்தை அலறுவது, விரல் மரத்துப்போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டை வெட்டிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மறுநாள் காலை என்று தள்ளக்கூடாது. விழுந்தவுடனேயே மோதிரம், வளையல், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கயிற்றை அறுப்பது தெய்வக் குற்றம் என்று தயங்கிய தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். கை பிழைத்த பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம்.

'எங்க தாத்தாவுக்குச் சின்சேதான் கட்டினார், எழுபது வயசுவரை உளி பிடிச்சார்' என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நம்புகிறேன். ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில் சீனச் சின்சேயும் மலாய்க்காரப் பாட்டிகளும் நம் வைத்தியர்களும் தோட்டத்து மக்களுக்குத் துணையாக இருந்தார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. விலகாத முறிவு எப்படிக் கட்டினாலும் கூடிவிடும். பிள்ளைகளின் எலும்பு வளரும்போதே கோணலைத் தானே ஓரளவு நிமிர்த்திக்கொள்ளும். ரேடியஸின் வளர்ச்சியில் முக்கால் பங்குக்கு மேல் மணிக்கட்டு முனையில்தான் நடக்கிறது. ஆனால் வளரும் எலும்பு கோணலைத்தான் திருத்தும், முறுக்கைத் திருத்தாது. நலமான தாத்தாக்களின் கதை பேரப்பிள்ளைகள் வரை வந்து சேர்ந்தது. மங்கு கவிழ்க்க முடியாமல் வீட்டோடு முடங்கியவர்களின் கதையை யார் சொல்லிவைத்தார்கள்? மேலும், இன்று தூரம் ஒரு காரணமில்லை. சிரம்பானில் துவாங்கு ஜாபார் மருத்துவமனை இருக்கிறது. கோலப்பிலாவில் துவாங்கு அம்புவான் நஜிஹா இருக்கிறது. போர்ட்டிக்சன், தம்பின், ஜெம்போல், ஜெலெபு என்று மாவட்ட மருத்துவமனைகளும் உள்ளன. குடிமக்களுக்கு அரசு வெளிநோயாளர் பிரிவில் பதிவுக்கு ஒரு ரிங்கிட்தான்.

கட்டைப் பிரித்த பிறகு நடப்பதும் கவலைக்குரியது. எலும்பு கூடியதும் வைத்தியம் முடிந்தது என்று நினைக்கிறோம். பிடிவாதமாக இயன்முறைப் பயிற்சி செய்யாவிட்டால், நேராகக் கூடிய கையும் திரும்ப மறுக்கும். மாவுக்கட்டு போட்ட அன்றே விரல்களை அசைக்கத் தொடங்க வேண்டும். கட்டு பிரித்ததும், மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, கைப்பிடிக்குள் ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, அதை இடமும் வலமும் சாய்த்துப் பழக வேண்டும். நல்ல கையிலும் இன்னொரு பென்சில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியும். முழங்கை விலாவை விட்டு விலகக்கூடாது. விலகினால் தோள் ஏமாற்றிவிடும்.

சட்டம் தரும் உரிமைக்கு வருகிறேன். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து 1971 முதல் இயங்குகிறது. வேலையிடத்தில் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் பாதுகாப்பு உண்டு. மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக உதவியாகக் கிடைக்கும். நிரந்தரக் குறை இருந்தால் அதன் விழுக்காட்டை மருத்துவ வாரியம் தீர்மானிக்கும். மலாக்காவில் சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்குகிறது. நம் மாநிலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் அங்கே போய்ப் பயிற்சி பெறக் கேட்டவர்களைத் தோட்டங்களில் நான் அரிதாகவே கண்டேன். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இன்று செம்பனைக் காட்டில் கம்பு பிடிப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். அவர்களின் கையும் நம் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

இங்கேதான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. விரல் போனது, கை துண்டானது போன்ற இழப்புகள் யார் கண்ணுக்கும் தெரியும். துண்டாகாமல், வீங்காமல், திருப்பம் மட்டும் போன கை வாரியத்தின் முன் நல்ல கையாக உட்கார்ந்திருக்கும். தொழிலாளி கூச்சத்தோடு, 'கொஞ்சம் வலிங்கய்யா' என்பார். அதற்குமேல் சொல்ல அவருக்குச் சொற்கள் கிடைப்பதில்லை. வாரியத்துக்குப் போகுமுன் கவிழ்க்கும் பாகை, மல்லாக்கும் பாகை இரண்டையும் அளந்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'வலிக்குது' என்பதைவிட, 'மங்கு கவிழ்க்க முடியவில்லை, குலையைப் புரட்ட முடியவில்லை, முகம் கழுவ முடியவில்லை' என்பது வலுவான சாட்சி. தொழிற்சங்கத்தினர் இந்த அளவுகளைக் கேட்டு வாங்க உறுப்பினர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். முன்கைக் காயத்துக்கான மதிப்பீட்டில் திருப்பத்தின் அளவைத் தனியாக, கட்டாயமாகப் பதிவுசெய்யும்படி சொக்சோவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெண்களுக்கு ஒரு தனிச் சொல். செண்டாயான் பகுதியில் மரங்கள் நின்ற நிலத்தில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் எழுந்துவிட்டது. பால் வெட்டிய அம்மாமார் இன்று தாமான் வீடுகளில், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிகிறது. குளியலறையில் வழுக்கிக் கையூன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தால் அதை எலும்பின் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த விழுதலில் இடுப்பு முறியும் அபாயம் அவர்களுக்குக் கூடுதல். கட்டுப் போட்டதோடு திரும்பாமல், எலும்பின் அடர்த்தியைச் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வேலைக்குப் போகாத குடும்பத் தலைவிகளுக்கு 2022 டிசம்பர் முதல் சொக்சோவில் தனித் திட்டம் இருக்கிறது. 55 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டிச் சேரலாம். வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு.

தோட்ட நிர்வாகங்களுக்கு: விழுந்தவரை வேலை முடியும்வரை நிறுத்தி வைக்காதீர்கள், அன்றே வண்டி ஏற்பாடு செய்யுங்கள். மண்டோர்களுக்கு: எண்ணெய்ப் புட்டியை எடுக்குமுன் உள்ளங்கையைக் கவிழ்த்து மல்லாக்கிக் காட்டச் சொல்லுங்கள், முடியாவிட்டாலும் வலித்தாலும் உருவாதீர்கள், அசையாமல் வைத்து அனுப்புங்கள். அந்த அசைவு நன்றாக இருந்தாலும், வீக்கமோ எலும்பின்மேல் தொட்டால் வலியோ இருந்தால் எக்ஸ்ரே வேண்டும். எலும்பு தோலைக் கிழித்திருந்தால் சுத்தத் துணியால் மூடி உடனே அனுப்புங்கள். மண் பட்ட திறந்த முறிவில் ஒரு மணி நேரத் தாமதமும் கேடு. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு: உடலமைப்புப் பாடத்தில் இந்த இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று கடப்பதைப் பிள்ளைகள் தங்கள் கையிலேயே தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ஒரு தலைமுறை இதைப் படித்துவிட்டால் சுளுக்கு என்ற தீர்ப்பு அவ்வளவு எளிதாக வராது.

முறிந்த அன்றே பார்த்த முன்கையைப் பெரும்பாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். கோணலாகக் கூடிய பிறகு வந்தால், கூடிய எலும்பை மறுபடியும் வெட்டி, திருப்பிப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அப்போதும் முழுத் திருப்பம் திரும்பும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர மாட்டார். கையூன்றி விழுந்தவரை விழுந்த அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.